பின்பக்கமாக ஊருக்குப் போன லொறி

பதினொரு வருடமாக நான் தூரப் பயண லொறி ஓட்டுகிறேன். அந்தப் பதினொரு வருடத்தில் என் மனைவி என் லொறியை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. போனில் படம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். "போட்டோவுல யாரு லொறியையும் காட்டலாம்" என்பாள். பத்துச் சில்லு, அதாவது பத்துச் சக்கரம், முப்பத்திரண்டு அடி நீளம், ஏணி ஏறுவது போல ஏறித்தான் ஆசனத்தில் உட்கார வேண்டும் என்று நான் கையை விரித்து வர்ணிக்கத் தொடங்கினால், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "சரிங்க, சரிங்க" என்று சொல்வாள். அந்த இரண்டாவது சரிங்கவைக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

குற்றம் ரோட்டில்தான். எங்கள் வீடு மடுல்கெல்லவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள். லொறி நிற்பது பல்லேகலயில், முதலாளியின் யார்டில். திருகோணமலை, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை என்று நாலு நாள், ஐந்து நாள் சுற்றிவிட்டு, லொறியை யார்டில் விட்டு, வத்துகாமம் வந்து, அங்கிருந்து பன்வில பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். யார்டுக்கு வந்து பார் என்றால், அவளுக்கு வேலை இருக்கும் நாளில்தான் லொறி யார்டில் இருக்கும். அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் லொறி எங்கோ ஒரு கடற்கரையில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் என்னை "பஸ்ஸுல வர்ற ட்ரைவர்" என்றே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வழியில் எங்கே நிறுத்தினாலும் அவளுக்குப் போன் எடுப்பேன். ஹபரணைக் காடு, வவுனியா வெயில், ரோட்டைக் கடந்த யானை என்று ஏதாவது சொல்வேன். அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "சாப்பிட்டீங்களா?" நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்டதே இல்லை. பார்க்காத வண்டியை, பார்க்காத ரோட்டில் எப்படி நினைத்துப் பார்ப்பது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் உடைந்தது. அரைத்த கொழுந்தைக் காயவைக்கும் பெரிய இயந்திரம் அது. அது நின்றால் எல்லாம் நின்ற மாதிரி. பறித்த கொழுந்தை வேறு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுடைய கொழுந்துக்கே இடம் போதவில்லை. எங்கள் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆயிற்று. என் மனைவிக்கும் அதேதான். ஊரில் ஸ்டோர் என்று சொல்லும் அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கியில் மூன்று வாரம் புகை வரவில்லை. காலையில் எழுந்து அதைப் பார்ப்பவர்களின் முகத்தில் ஈயாடவில்லை.

புது ட்ரையர் கொழும்புக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அதன் முக்கியமான பெட்டியைப் பிரிக்க முடியாதாம். டிராக்டரில் ஏற்ற முடியாதாம். பெரிய லொறி வேண்டுமாம். இரண்டு கம்பெனி சாரதிகள் வந்து எங்கள் ரோட்டைப் பார்த்துவிட்டு, ஏறாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மேலே கொண்டுவர முடியாவிட்டால் ட்ரையர் கீழே இருக்கும் தொழிற்சாலைக்குப் போகும், எங்களுடையதை மூடிவிடுவார்கள் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். மூடினால் பிறகு யார் திறக்கப்போகிறார்கள்?

நான் அன்றே என் முதலாளியிடம் போனேன். மடவளைக்காரர். பேச்சு மெதுவாக இருக்கும். முடிவு அதைவிட மெதுவாக வரும்.

"அந்த லோட நாங்க எடுப்போம், முதலாளி. நான் ஏத்திக் காட்டுறேன்" என்றேன்.

"ஏலும்டு சொல்றீங்க. ரெண்டு பேர் ஏலாண்டு சொல்லீக்காங்களே" என்றார்.

"அவுங்க முன்னுக்கு ஏறப் பார்த்தாங்க. நான் பின்னுக்கும் ஏறுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஒங்கட ஊரு ரோட்டு. ஒங்களுக்குத் தெரியும். லொறி முழுசாத் திரும்பி வரோணும்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு சீக்கிரம் சம்மதம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னுக்கு ஏறுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மலை ரோட்டில் கொண்டை ஊசி போல வளைவு இருக்கும். நீளமான லொறி அதில் ஒரே திருப்பில் திரும்பாது. அதனால் நாங்கள் திருப்பவே மாட்டோம். வளைவின் மூக்கில், ரோடு திரும்பும் நுனியில், கொஞ்சம் வெற்று இடம் இருக்கும். லொறியின் முகத்தை நேராக அதற்குள் விட்டு நிறுத்துவோம். பிறகு ரிவர்ஸ் போட்டு, அடுத்த ஏற்றத்தில் பின்பக்கமாகவே ஏறுவோம். அடுத்த வளைவு வந்தால் வாலை அதன் மூக்கில் விட்டு, முகத்தை முன்னால் வைத்து ஏறுவோம். ஒரு ஏற்றம் முன்னுக்கு, ஒரு ஏற்றம் பின்னுக்கு. மலைக்காரச் சாரதிகளுக்கு இது பழகிய வேலை. கழுத்துத்தான் ஒரு வாரத்துக்கு வலிக்கும்.

எங்கள் தோட்டத்து ரோட்டில் ஐந்து வளைவு. பாலத்து வளைவு, பலாமரத்து வளைவு, மூங்கில் வளைவு, கோயில் வளைவு, ஸ்டோர் வளைவு. கீழே முகத்தை முன்னால் வைத்துத் தொடங்கி, ஐந்திலும் மாறி மாறி ஏறினால், தொழிற்சாலைக்குள் லொறி வாலை முன்னால் வைத்து நுழையும். எனக்கு வேண்டியதும் அதுதான். தொழிற்சாலை முற்றம் லொறி நிற்கும் அளவுதான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். ட்ரையரை வால்பக்கமாகத்தான் மேடைக்கு இழுக்க முடியும். வாயிலுக்குள் வால் முன்னால் போக வேண்டும். முகம் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு அடிக்குக் கயிறு வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவியைக் கூப்பிட்டு, "வா, நீதான் லொறிக்கு வால்" என்றேன்.

"பதினோரு வருசத்துல இதுதான் எனக்குக் கெடச்ச பதவியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஐந்து வளைவிலும் நான் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து முகமாக நின்றேன். அவள் மறு நுனியைப் பிடித்து வாலாக நின்றாள். நான் மூக்கில் போய் முட்டுவேன். அவள் ஏற்றத்தில் பின்னால் நடப்பாள். கயிறு எங்கே சுவரில் உரசுகிறது, அவள் கால் எங்கே வடிகானுக்குள் போகிறது என்று பார்ப்பேன். பலாமரத்து வளைவில் அவள் கால் உண்மையிலேயே வடிகானுக்குள் போய்விட்டது. "லொறி வுழுந்துருச்சுங்க" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டேன். பிறகு அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துச் சுண்ணாம்பு பூசினோம்.

கோயில் வளைவுக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியம். போன வருட மண்சரிவுக்குப் பிறகு அங்கே புதுச் சுவர் எழுப்பி, வளைவை நன்றாக அகலமாக்கியிருந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்தே வீட்டுக்குப் போகிறவனுக்கு அது கண்ணில் படவில்லை. கயிற்றைச் சுற்றிப் பார்த்தால், லொறி அதில் ஒரே வெட்டில் திரும்பிவிடும் போல இருந்தது.

"அப்ப இங்க மாறத் தேவையில்லையா?" என்று கேட்டாள்.

"மாறத்தான் வேணும். இங்க மாறாட்டி மேல போறப்ப மொகம் முன்னுக்கு வந்துரும். கணக்குக் கெட்டுரும்."

"அப்ப எடம் இருந்தாலும் மாறணும்" என்று சொல்லிக்கொண்டாள். அவள் ஒன்றை ஒரு தடவை கேட்டால் போதும். எனக்கு அந்தக் குணம் இல்லை.

புதன்கிழமை காலை, வெளிச்சம் வந்த கையோடு யார்டிலிருந்து கிளம்பினோம். என்னோடு கிளீனர் இருந்தார். குண்டசாலையைச் சேர்ந்த சிங்களவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். எனக்கு அவர் அய்யே, அவருக்கு நான் மல்லி. அண்ணன் தம்பி என்று அர்த்தம். ஒன்பது வருடமாக ஒரே லொறியில் சாப்பிட்டுத் தூங்கினால் வாய்ப்பேச்சு குறைந்துவிடும். லொறி பின்னால் போகும்போது அவர் பின்னால் நடந்து அதன் உடம்பைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நில். எவ்வளவு இரைச்சலிலும் அந்தத் தட்டு எனக்கு முதுகெலும்பில் கேட்கும்.

வத்துகாமம் சந்தியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பன்வில தாண்டியதும் ரோடு சுருங்கியது. வழக்கமாக நான் தொங்கிக்கொண்டு வரும் பஸ் எதிரே வந்தது. அதன் சாரதி என்னை லொறியில் பார்த்ததும் வாயைப் பிளந்தார். ஒதுங்கி வழி விட்டார். எனக்கு நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. ஆசனத்தில் இருந்தபடியே ஆடினேன் என்று அய்யே இன்றைக்கும் சொல்கிறார், நான் மறுக்கவில்லை.

தோட்டத்து ரோட்டு வாயிலில் நிறுத்தி, சங்கிலிகளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தோம். மேலே போர்த்திக் கட்டிய படங்குக்குள் ட்ரையர் சின்ன வீடு மாதிரி இருந்தது. பாலத்து வளைவில் முகத்தை மூக்கில் விட்டேன். ரிவர்ஸ் போட்டேன். பின்பக்கமாக ஏறும்போது பாரம் முழுவதும் முன் சில்லு மேல் வந்து உட்காரும். ஸ்டியரிங் கைக்கு நன்றாகப் பிடிபடும். இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று அய்யே வந்துகொண்டிருந்தார். பலாமரத்தில் வாலை விட்டு முன்னுக்கு ஏறினோம். வெள்ளைக் கல் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மூங்கில் வளைவில் முகத்தை விட்டு மறுபடி பின்னுக்கு. மூன்றும் முடிய மத்தியானம் ஆகியிருந்தது. எதிலும் உரசவில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ரோட்டிலும் ஓட்டியதில்லை.

கோயில் வளைவை நெருங்கும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே சரிவு முழுக்கப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியின் கூட்டம். ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியின் தோளைப் பிடித்து உலுக்கிக் காட்டினாள். நடுவில் பச்சைத் தலைத்துணி. அது அவள்தான்.

பதினொரு வருடம். பத்துச் சில்லு. போட்டோ இல்லை, நிஜ லொறி.

என் புத்தி அந்த இடத்தில் கழன்றுவிட்டது. வளைவு அகலமாக இருந்தது. பின்பக்கமாகவே ஒரே வெட்டில் அதைச் சுற்றிக் காட்டினால் எப்படி இருக்கும்? எந்தக் கொம்பன் அப்படி ஓட்டுவான்? ஸ்டியரிங்கை ஒடித்தேன். லொறி வாலை முன்னால் வைத்து, புதுச் சுவரைத் தடவுகிற மாதிரி அரை வட்டம் போட்டு, அடுத்த ஏற்றத்தில் ஏறியது. அய்யே தட்டவே இல்லை; அவருக்கும் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். சரிவில் பெண்கள் கூவினார்கள். என் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தாள். மறுபடி மறுபடி அசைத்தாள். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு ஆசை இருந்ததா என்று நினைத்தேன். ஹோர்னை நீளமாக அடித்துப் பதில் சொன்னேன்.

ஸ்டோர் வளைவில் வாலை மூக்கில் விட்டு, முகத்தை முன்னால் வைத்து, ராஜா மாதிரி தொழிற்சாலை வாயிலில் போய் நின்றேன். முற்றத்தில் டீமேக்கர் ஐயா நின்றிருந்தார், தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். பின்னால், ட்ரையரை இறக்கி வைக்கக் கொழும்பிலிருந்து வந்த நாலு பேர். அவர்கள் சங்கிலியும் மரக்கட்டையும் தயார் செய்து, அன்று மாலையே திரும்பிப் போவதாக இருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

டீமேக்கர் ஐயா லொறியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வாலுல்ல மொதல்ல வரணும்?" என்றார்.

அப்போதுதான் வளைவுகளை விரல்விட்டு எண்ணினேன். ஐந்து தடவை மாறியிருக்க வேண்டியவன் நாலு தடவைதான் மாறியிருந்தேன். அவள் கையை அசைத்தது எனக்குக் கை காட்டுவதற்கு இல்லை. போ, போ, பின்னால் போ, மாறு என்று காட்டியிருக்கிறாள்.

கொழும்புக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேற்குப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் அந்த ரோட்டில் எந்த லொறியும் நகராது. டீமேக்கர் ஐயா தணிந்த குரலில், "நாலு மணிக்குள்ள உள்ள வராட்டி, தொரை கீழ் ஸ்டோருக்குக் கொண்டு போகச் சொல்லுவாரு. அவருக்கு அது லேசு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அய்யே என் பக்கக் கதவைத் திறந்தார். "மல்லி, எங்க திருப்புற?" என்று கேட்டார்.

லொறியைத் திருப்ப அந்த மலையில் ஒரே இடம்தான் இருந்தது. என்னைக் கெடுத்த அதே கோயில் வளைவு.

பின்பக்கமாகவே ஸ்டோர் வளைவுக்கு இறங்கினேன். வாலை மூக்கில் விட்டேன். முகத்தை முன்னால் வைத்துக் கோயில் வளைவுக்கு இறங்கினேன். முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பெண்கள் பறிப்பதை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். வளைவைச் சுற்றி, மூங்கில் வளைவுப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கி நிறுத்தினேன். இனி அங்கிருந்து பின்னால் ஏறி, கோயில் பக்கத்து மூக்கில் வாலை விட வேண்டும். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய அதே வேலை. அப்போது ரோடு காய்ந்திருந்தது.

ரிவர்ஸ் போட்டேன். இரண்டு தட்டு கேட்டது. லொறி ஆறடி ஏறியது. பிறகு பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கின. பின்னால் ஏறும்போது பாரம் முன்னால் போய்விடுவதால் பின் சில்லுக்குப் பிடி குறைவு. ஈரத்தில் அது இன்னும் குறையும். ஒரு தட்டு. பிரேக்கை மிதித்தேன். லொறி அரை அடி கீழே வழுக்கி நின்றது. அய்யே ஓடி வந்து முன் சில்லுக்குக் கட்டை போட்டார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மழை சடசடவென்று கொட்டத் தொடங்கியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள். தலைத்துணி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்ப்பதற்கு அவள் அவ்வளவு நிமிர வேண்டியிருந்தது.

"நான் கை காட்டுனேன்" என்றாள்.

"பார்த்தேன். நீ சந்தோசத்துல ஆட்டுறேன்னு நெனச்சேன்."

"சந்தோசமும்தான்" என்றாள். "எத்தன அடி ஏறணும்?"

"இருபது அடி. டயருக்குப் பிடி இல்ல."

கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி குத்தாமலும் நனையாமலும் இருக்க இடுப்பில் சாக்குக் கட்டியிருப்பார்கள். அவள் தன்னுடையதை அவிழ்த்தாள். பின்னால் நடந்துபோய், பின் சில்லுக்கு மேற்பக்கம் அதை விரித்தாள். திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்து, "என்னா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க, அவுருங்கடி" என்றாள். ஒரு நிமிடத்தில் இருபது சாக்கு ரோட்டில் இருந்தது. இரண்டு வரிசை, இரண்டு பக்கச் சில்லுக்கும். அய்யே எல்லோரையும் சுவர்ப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்.

பிறகு தட்டு வந்தது. இரண்டு தட்டு. அது அய்யேயின் தட்டு இல்லை; அவருடையது கனமாக இருக்கும். இது வளையல் சத்தத்தோடு வந்தது. எட்டிப் பார்த்தால் மங்கலாகத் தெரிந்தது: அய்யே சில்லுக்குக் கட்டை போட்டு எடுத்துக்கொண்டு கீழே நின்றார்; வாலுக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக, அவள் நின்று தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கயிற்றைப் பிடித்து நின்ற அதே இடம்.

கிளட்ச்சை மெதுவாக விட்டேன். சில்லு சாக்கைக் கடித்தது. ஒரு அடி. இரண்டு தட்டு. இன்னும் ஒரு அடி. ஏறி முடித்த சாக்கைப் பெண்கள் கீழிருந்து உருவி எடுத்து மேலே கொண்டுவந்து போட்டார்கள். அப்போதெல்லாம் நான் நிற்பேன், அய்யே கட்டை வைப்பார். மழைச் சத்தமும் இன்ஜின் சத்தமும் அந்த வளையல் தட்டும்தான். கடைசியில் ஒரே ஒரு தட்டு. கைப் பிரேக்கை இழுத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். வாலுக்கும் கோயில் மதிலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. முகம் மேலே போகும் ரோட்டைப் பார்த்து நின்றது.

எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அய்யேக்குத் தெரிந்திருக்கிறது, பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

இடது கதவைத் திறந்து, "ஏறு" என்றேன்.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "நெசமாவே ஏணிதான்" என்றாள். இரண்டு பெண்கள் கீழிருந்து தள்ளினார்கள். சேற்றுக் காலை ஆசனத்துக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு கணம் யோசித்தாள். வை என்றேன். வைத்தாள்.

ஏற்றத்தில் முன்னுக்கு ஏறினோம். முன்பக்கக் கண்ணாடி வழியாக எங்கள் லயம், தொழிற்சாலை, கீழே பன்விலப் பக்கம் மழை, எல்லாம் தெரிந்தது. அவள் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு ஒசரத்துல குந்திக்கிட்டுத்தான் ரோட்டுல கஷ்டம்னு போன்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஸ்டோர் வளைவில் முகத்தை மூக்கில் விட்டேன். ரிவர்ஸ் போட்டேன். லொறி பின்னால் நகர்ந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "கைய விடு, கியர் மாத்தணும்" என்றேன். விடவில்லை. அப்படியே ஓட்டினேன்.

வாயிலுக்குள் வால் முன்னால் போனது. பதினொரு வருடத்துக்குப் பிறகு என் லொறியில் ஏறிய என் மனைவி, ஊருக்குள் பின்பக்கமாக வந்து இறங்கினாள். மணி மூன்றரை. கொழும்புக்காரர்கள் படங்கை இழுத்தார்கள். டீமேக்கர் ஐயா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். அது பாராட்டா அடியா என்று இன்றுவரை நிச்சயமில்லை. ட்ரையர் மரக்கட்டைகளின் மேல் நகர்ந்து மேடைக்குப் போய், சுவருக்குள் மறைந்தது. பெண்கள் சேறு படிந்த சாக்குகளைப் பீலிக் குழாயில் அலசிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாக்கு யாருடையது என்று அங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது.

அடுத்த வாரம் நான் திருகோணமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹபரணை தாண்டி, நேரான ரோட்டில், ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி அவளுக்குப் போன் எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். ஸ்டோருக்குக் கொழுந்து நிறுக்கக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். புகைபோக்கியில் புகை வருகிறதாம். ஆறு நாளும் வேலையாம். கூட்டத்தில் எல்லோரும் அவளை "லொறி வால்" என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது.

சாப்பிட்டீங்களா என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். பாண் வாங்கிக் கையில் வைத்திருந்தேன், பொய் சொல்லத் தேவையில்லை என்று.

"இப்ப எப்படிங்க போறீங்க?" என்று கேட்டாள். "முன்னுக்கா, பின்னுக்கா?"